பென்ஷனுக்குக் காசு கட்டும் முன் பேரனைக் கணக்கில் சேருங்கள்

கேள்வி (2025-26 வரி ஆண்டில் வந்தது): எனக்கு வயது 61. லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். தனியார் முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். மாமியார் படுக்கையில் விழுந்ததால் 2019 மார்ச்சில் வேலையை விட்டேன். அவர் 2020 கடைசியில் தவறினார். 2021 மார்ச்சில் மகள் திரும்ப வேலைக்குப் போனாள், அன்றிலிருந்து பேரனை நான்தான் பார்க்கிறேன். அவனுக்கு இப்போது ஐந்து வயது. என் நேஷனல் இன்சூரன்ஸ் பதிவில் 21 ஆண்டுகள் இருக்கின்றன. இதுவரை சேர்ந்த ஸ்டேட் பென்ஷன் வாரம் 145 பவுண் என்று காட்டுகிறது. 2019-20 முதல் 2024-25 வரை ஆறு ஆண்டுகள் காலி. அவற்றை நிரப்ப 5,500 பவுண் அளவில் ஆகும். கட்டு என்கிறாள் மகள். வீண் செலவு, இல்லாதவர்களுக்கு அரசாங்கம் எப்படியும் கொடுக்கும் என்கிறார் கணவர். அவருக்கு 64 வயது, முழு பென்ஷனுக்கு வேண்டிய 35 ஆண்டும் நிறைந்துவிட்டது. பிறகு யாழ்ப்பாணம் போய் இருக்கும் எண்ணமும் உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: ஆறையும் கட்டாதீர்கள். நான்கு ஆண்டுகள் உங்களுக்கு இலவசமாகவே வரவேண்டியவை.

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கு 2011 ஏப்ரலிலிருந்து நேஷனல் இன்சூரன்ஸ் கிரெடிட் (காசு கட்டாமலே பதிவில் ஏறும் வரவு) உண்டு. பிள்ளைக்கு 12 வயதுக்குள் இருக்கவேண்டும், பார்ப்பவர் பென்ஷன் வயதை எட்டியிருக்கக் கூடாது. சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைக்கு அரசு தரும் உதவித்தொகை) யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு அந்தப் பதிவோடு ஒரு கிரெடிட் சேர்ந்து வரும். உங்கள் மகள் வேலை செய்து தானே இன்சூரன்ஸ் கட்டுவதால் அந்தக் கிரெடிட் அவருக்குத் தேவையில்லை, சும்மா கிடக்கிறது. அதை உங்களுக்கு மாற்றிக் கொடுக்கலாம். முழுநாளும் பார்த்தால்தான் செல்லும் என்றில்லை. பள்ளிக்கூடம் விட்டு அழைத்து வந்து சோறு கொடுப்பதும் பார்ப்பதுதான். நம் ஆட்களில் எத்தனையோ அம்மம்மாக்கள் வருடக்கணக்காக இதைச் செய்துவிட்டு, ஒரு படிவம் போடாமல் விட்டிருக்கிறார்கள்.

விண்ணப்பம் வரித்துறைக்குப் போகவேண்டும். நீங்களும் மகளும் இருவரும் கையெழுத்திடவேண்டும். ஒரு வரி ஆண்டு முடிந்து அதற்கடுத்து வரும் அக்டோபர் 31 கழிந்த பிறகுதான் அந்த ஆண்டுக்குக் கேட்கமுடியும். ஆகவே 2021-22 முதல் 2024-25 வரையான நான்கையும் இப்போதே கேளுங்கள். சைல்ட் பெனிஃபிட் மகள் பெயரில்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சம்பளம் அதிகம் என்று சிலர் அதைப் பதியாமலே விட்டுவிடுகிறார்கள். பதிவே இல்லையென்றால் மாற்றிக் கொடுக்கவும் ஒன்றும் இல்லை. (பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு பதிவை மட்டும் வைத்திருக்க வழி உண்டு.) இன்னொன்று, ஒரு பதிவுக்கு ஒரு கிரெடிட்தான். சம்பந்தியம்மாவும் முறை வைத்துப் பார்க்கிறார் என்றால், யாருக்கு அது அதிகம் தேவை என்று வீட்டுக்குள் பேசி முடிவெடுங்கள்.

உங்கள் பென்ஷன் வயது 67. பேரனுக்கு 12 ஆவதற்குள் நீங்கள் அதைத் தாண்டிவிடுவீர்கள். எனவே இதே மாதிரி பார்த்துக்கொண்டிருந்தால் 2025-26 தொடங்கி 2030-31 வரை இன்னும் ஆறு ஆண்டுகளும் இப்படியே வரும்.

மிச்சம் 2019-20, 2020-21 இரண்டும். மாமியாரைப் பார்த்த காலத்துக்கு கேரர்ஸ் கிரெடிட் கேட்டிருக்கலாம், ஆனால் அதற்கு அடுத்த வரி ஆண்டு முடிவதற்குள் விண்ணப்பித்திருக்கவேண்டும். அந்தக் கதவு மூடிவிட்டது. இவை இரண்டும் காசு கொடுத்து வாங்கவேண்டியவைதான்.

வாங்குவது லாபமா? 2025-26 விலையில் ஒரு ஆண்டு 923 பவுண். 2016 ஏப்ரலுக்குப் பிந்தைய ஒவ்வொரு ஆண்டும் வாரத்துக்கு 6.58 பவுண் கூட்டும், அதாவது வருடத்துக்கு 342 பவுண். இரண்டே முக்கால் வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும், அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க வரவு. இவ்வளவு மலிவாக ஆயுள் பென்ஷன் விற்கும் இன்சூரன்ஸ் கம்பெனி எதுவும் எனக்குத் தெரியாது.

ஆனால் 2025-26இன் முழுத் தொகையான 230.25 பவுணைத் தொட்டபின் வாங்கும் ஆண்டு வீண். உங்கள் 145க்கு மேல் இலவச ஆண்டுகள் பத்தும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 211, வாங்கும் இரண்டும் சேர்ந்தால் 224. உச்சவரம்புக்குக் கீழேதான் நிற்கிறீர்கள், ஆகவே இரண்டும் பயன்படும். 21ஐ 35ஆல் வகுத்துப் பார்த்தால் 138தானே வருகிறது என்று குழம்பவேண்டாம். 2016க்கு முந்தைய ஆண்டுகளுக்குப் பழைய முறையிலும் ஒரு கணக்குப் பார்த்து, எது அதிகமோ அதை எடுத்திருப்பார்கள். திரையில் காட்டும் தொகையையே நம்புங்கள். கவுன்சிலிலோ என்எச்எஸ்ஸிலோ வேலை செய்து அங்கே தனி பென்ஷன் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி போகும்.

சரி, கணவர் சொல்வதற்கு வருவோம். அவர் சொல்வது பென்ஷன் கிரெடிட்டை, அதாவது வருமானம் குறைந்த முதியவர்களுக்கு ஒரு வரம்பு வரை அரசு நிரப்பிக் கொடுக்கும் தொகையை. தம்பதிக்கு அதன் வரம்பு 2025-26இல் வாரம் 346.60 பவுண். அவருடைய 230உம் உங்கள் இப்போதைய 145உமே அதைத் தாண்டிவிட்டன, இருவராக இருக்கும்வரை அது கிடைக்காது. தனியாளுக்கு அதே ஆண்டில் வரம்பு 227.10. சொல்லக் கூடாததுதான், ஆனாலும் கணக்கு என்று வந்தால் சொல்லவேண்டும்: பின்னாளில் நீங்கள் ஒருவராக, வேறு வருமானம் இல்லாமல், இங்கிலாந்திலேயே இருந்தால், 211 வாங்கினாலும் 224 வாங்கினாலும் அரசு 227 வரை நிரப்பிவிடும். அப்போது கட்டிய 1,846 பவுண் உங்களுக்கு எதையும் கூட்டாது. வாடகை வீட்டில் ஹவுசிங் பெனிஃபிட் வாங்கும் நிலை வந்தால், கூடும் ஒவ்வொரு பவுணுக்கும் 65 பென்ஸ் வரை அதில் குறைப்பார்கள். கணவர் பேச்சில் இவ்வளவு உண்மை இருக்கிறது.

ஆனால் பென்ஷன் கிரெடிட்டும் ஹவுசிங் பெனிஃபிட்டும் யாழ்ப்பாணத்துக்கு வராது, ஸ்டேட் பென்ஷன் மட்டும்தான் வரும். ஊரில் போய் இருக்கும் எண்ணம் உறுதியென்றால் வாங்குவதற்கான காரணமும் அவ்வளவுக்கு வலுக்கிறது. கூடவே ஒரு குறையும் தெரிந்திருக்கட்டும். இலங்கையில் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பென்ஷன் வருடாவருடம் ஏறாது (இந்தியாவிலும் இதே கதைதான்). போகும்போது என்ன தொகையோ அதிலேயே உறைந்து நிற்கும், இங்கிலாந்துக்கு நிரந்தரமாகத் திரும்பினால்தான் நடப்பு விகிதத்துக்கு ஏறும். இருபது வருடம் அப்படி நின்றால் விலைவாசி அதைத் தின்றுவிடும். ஆனாலும் போட்டது மூன்று வருடத்துக்குள் வந்துவிடுவதால், உறைவதை வைத்து இந்த இரண்டு ஆண்டுகளையும் விடச் சொல்லமாட்டேன்.

உடல்நிலை மோசமாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். கட்டிய பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள், புதிய முறையில் அது பொதுவாகக் கணவருக்கும் போய்ச் சேராது. அப்படி ஏதும் இல்லையென்றால் என் பேச்சு இதுதான்: 2019-20ஐ உடனே கட்டுங்கள், அதற்குக் கடைசி நாள் 2026 ஏப்ரல் 5. 2020-21க்கு 2027 ஏப்ரல் 5 வரை நேரம் இருக்கிறது, ஊர்ப் பேச்சு முடிவாகட்டும் என்று பொறுக்கலாம். பேரன் கிரெடிட் பதிவில் ஏற மாதங்கள் ஆகலாம், அதற்காகக் காத்திருந்து இந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். கட்டுவதற்கு முன் ஃபியூச்சர் பென்ஷன் சென்டருக்கு (அரசின் பென்ஷன் விசாரணை அலுவலகம்) ஒரு போன் போட்டு, இந்த ஆண்டைக் கட்டினால் என் தொகை எவ்வளவு கூடும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இலவசம்தான். இதை முடித்துத் தருகிறேன் என்று கட்டணம் கேட்கும் ஏஜெண்டுகளிடம் போகவேண்டாம்.

67க்கு முன்பே ஊருக்குப் போனால் பேரன் கிரெடிட் அன்றோடு நிற்கும். வெளிநாட்டில் இருந்தபடி மலிவாக இரண்டாம் வகுப்பு (கிளாஸ் 2) நேஷனல் இன்சூரன்ஸ் சந்தா கட்டும் வழியும் 2026 ஏப்ரல் 6 முதல் இல்லை. அதன்பின் வரும் ஆண்டுகளுக்கு மூன்றாம் வகுப்பு மட்டும்தான், இப்போது நான் சொன்ன அதே 923 பவுண் ரகம். முடிந்தால் 67 வரை இங்கேயே இருந்துவிட்டுப் போங்கள்.