அஞ்சடியில் தாத்தாவை எப்படி நடக்க வைப்பது?

கேள்வி: பினாங்கு ஜார்ஜ் டவுனில், லெபு பாசார் தெருவில் தாத்தா இருந்த பழைய கடைவீட்டை வைத்து ஒரு நிமிட அனிமேஷன் படம் செய்கிறேன். நாற்பது படம் வரைந்தும் ஸ்லைடு ஷோ மாதிரியே ஓடுகிறது. இன்னும் எத்தனை வரைய வேண்டும்? - கல்லூரி மாணவி, பட்டர்வொர்த்

அனிமேஷனில் வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் 24 நிலைப்படம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் வினாடிக்கு 12 படம், ஒரு நிமிடத்துக்கு 720. பயப்படாதீர்கள், அத்தனையும் வரைய வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பிய படங்களில் ஒவ்வொன்றிலும் கடைவீட்டை முழுசாகத் திரும்ப வரைந்திருக்கிறீர்கள். அது வீண் வேலை; சுவர்க்கோடும் நடுங்கும். கட்டடத்தை ஒரே தடவை வரைந்து மூன்று லேயராக (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்காக) பிரியுங்கள்: முன்னால் அஞ்சடியின், அதாவது கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையின் தூண்கள், நடுவில் தாத்தா, பின்னால் கதவுகள். தாத்தா திரையின் நடுவிலேயே நடக்கட்டும். தூண்களை வேகமாகவும் கதவுகளைக் கொஞ்சம் மெதுவாகவும் அவர் நடக்கும் திசைக்கு எதிராக நகர்த்துங்கள். இரண்டு காலடிக்கு 12 படம் இருந்தால் அதையே சுற்றவிடலாம்.

ஆனால் அஞ்சடி ஒரே மட்டத்தில் இருக்காதே! அடுத்த கடைக்குப் போனால் ஒரு படி ஏறும், அதற்கடுத்ததில் இறங்கும். மிச்சம் பிடித்த உழைப்பை அங்கே கொட்டுங்கள். வயதானவர் படி ஏறும்போது முதலில் பார்வை தாழும், கை தூணைத் தேடும், அப்புறம்தான் கால் எழும். இந்த ஒரு படிக்கே இருபது படம் செலவானாலும் தகும். 2008-இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதிலிருந்து கடைவீடுகளின் முகப்பைப் படம் பிடிக்காத ஆளில்லை. நீங்கள் கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள்.

ஜன்னல் விஷயத்தில் நான் பட்ட பாடு ஒன்று. மாடியின் மூன்று ஜன்னல்களையும் ஒரே ஃபிரேமில் திறந்துவிட்டேன். வீடு கொட்டாவி விட்டது போல் ஆகிவிட்டது! இரண்டாவதை 4 ஃபிரேம் தள்ளித் திறந்து, மூன்றாவதைப் பாதியில் நிறுத்திய பிறகுதான் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று தோன்றியது. பலகை இடுக்கு வழியாகத் தரையில் விழும் வெயில் கோடுகளுக்குத் தனி லேயர் வையுங்கள். பத்து வினாடியில் அது ஒரு சாண் நகர்ந்தாலே பொழுது போனது புரியும்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம், கிரிட்டா என்ற இலவச வரைகலை மென்பொருள் போதும். முப்பரிமாண அனிமேஷனுக்கான பிளெண்டரும் இலவசம்தான், ஆனால் பழகவே ஒரு செமஸ்டர் போய்விடும்.

ஒலியைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். இரும்பு கிரில்லை இழுக்கும் சத்தத்தையும் செருப்புச் சத்தத்தையும் கைப்பேசியில் பதிந்து, அந்தத் தாளத்துக்கு நடையை அமையுங்கள். வரைந்த நாற்பதில் தூண் நேராக இருக்கும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்கலாம்.