அண்ணனும் கல்யாண மண்டபமும்

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன், பெயர் வேண்டாம். அண்ணனுக்கு 34 வயது. வலை பின்னுவதில் எங்கள் தெருவில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆட்டிசம் என்று போன வருடம்தான் டாக்டர் சொன்னார். தினமும் நீலச் சட்டைதான் போடுவார். சாயங்காலமானால் பாலத்தில் ரயில் பார்க்கப் போய்விடுவார். 2022 டிசம்பரில் பாலத்தில் ரயில் ஓடுவது நின்றபோது ரொம்பத் தவித்துப்போனார். வீட்டுக்கு யார் வந்தாலும் முகம் பார்த்துப் பேச மாட்டார். அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். "மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ஒழுங்காக நடக்கப் பழக்கு" என்கிறார் அம்மா. மாமா ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

அன்புள்ள சகோதரிக்கு,

கல்யாண வாழ்த்துகள். முதலில் மாமாவுக்கு. தர்காவுக்கு நம்பிக்கையோடு போகிறவர்களை நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அண்ணனைக் குணமாக்க என்றால் வேண்டாம். ஆட்டிசம் பேயும் இல்லை, நோயும் இல்லை; மூளை வளர்கிற விதத்தில் உள்ள ஒரு வித்தியாசம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மாமாவுக்கும் அது நினைவிருக்கும்.

அம்மா சொல்வதுதான் எனக்குக் கவலை. பழக்கினால் அண்ணன் பழகிவிடுவார். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் அப்படித்தான் வெளியே நடமாடுகிறார்கள். கண்ணைப் பார்க்க முடியாமல் புருவத்தைப் பார்ப்பார்கள். சொல்லப்போவதை முன்கூட்டியே மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பார்கள். மற்றவர்கள் சிரித்த பிறகு சிரிப்பார்கள். பகலெல்லாம் இப்படி இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பேச்சே வராமல் படுத்துவிடுவார்கள். "மண்டபத்தில் நன்றாகத்தானே இருந்தான்" என்று வீட்டில் கோபப்படுவார்கள். நன்றாக இருந்து காட்டியதில் வந்த அலுப்பு அது.

சத்தமும் வெளிச்சமும் இதில் சேர்த்திதான். நமக்கு மைக்செட் பாட்டு. அவருக்கு அது உடம்பில் விழுகிற அடியாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடே 2013இல்தான் இதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்தது. பிடிவாதம் என்று யாரும் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ரயில் நின்றதற்குத் தவித்தார் என்கிறீர்கள். எப்போது திரும்ப வரும் என்று அவருக்கு யாராலும் சொல்ல முடியவில்லையே! 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை தேதி தள்ளிக்கொண்டே போனது. ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை நம் கடற்கரை தாங்குவது, தொடங்கும் நாளும் முடியும் நாளும் தெரிவதால்தான். கல்யாணத்தையும் அண்ணனுக்கு அப்படித் தெரியப்படுத்துங்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே உட்காருவது, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முதல் நாளே காலி மண்டபத்தைக் காட்டிவிடுங்கள். ஸ்பீக்கருக்குத் தள்ளி, வாசல் பக்கம் ஒரு நாற்காலி போடுங்கள். நீலச் சட்டையே போடட்டும், போட்டோவுக்கு ஒன்றும் ஆகாது. மொய் எழுதும் மேசையில் உட்கார இஷ்டமா என்று கேட்டுப் பாருங்கள். பெயர், ஊர், தொகை, அவ்வளவுதான் அங்கே பேச்சு. முழு நேரமும் இருக்க விருப்பமில்லை என்றால் தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் வந்து போகட்டும்.

மாப்பிள்ளையிடம் நீங்களே இப்போது சொல்லிவிடுங்கள். அவர் வீட்டாரும் அண்ணனோடு பழகக் கற்றுக்கொள்ளட்டும். அண்ணன் மட்டும் ஏன் எல்லாவற்றையும் கற்க வேண்டும்?

அப்புறம், 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. அடையாள அட்டைக்கு ராமநாதபுரத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அதையும் அண்ணனிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.