ஜான் டியர் டிராக்டர் நிறுவனம் ஏன் மருமகன்கள் கைக்குப் போனது?

குடும்ப நிறுவனம் என்றால் பொறுப்பு உறவுக்குள்ளேயே கைமாறும் நிறுவனம். மகன்தான் வாரிசாக வேண்டும் என்றில்லை.

ஜான் டியர் 1804இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் பிறந்தவர். அப்பா தையல்காரர், இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர் திரும்பவே இல்லை. பிள்ளை கொல்லுப்பட்டறையில் தொழில் பழகினார். 1837இல் இல்லினாய் மாநிலத்தில் அவர் செய்த எஃகுக் கலப்பையில் அந்தப் பக்கத்துப் பிசுபிசுத்த மண் ஒட்டவில்லை, பழகிய தோசைக்கல்லில் மாவு ஒட்டாதது போல. வியாபாரம் சூடுபிடித்தது.

அப்புறம் மகன் சார்லஸ் பொறுப்பேற்றார். அவருக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். அதனால் 1907இல் மருமகன், பிறகு மகள்வழிப் பேரன், கடைசியாக அந்தப் பேரனின் மருமகன் என 1982 வரை உறவுக்குள்ளேயே ஓடியது.

டிராக்டரைக் கண்டுபிடித்தவர் ஜான் டியர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அவர் இறந்தது 1886இல், நிறுவனம் ஒரு டிராக்டர் கம்பெனியை விலைக்கு வாங்கியது 1918இல்.