மஞ்சள் எத்தனை நொடி எரிந்தது என்று சலானில் போடுங்கள்

கேள்வி: சிக்னல் கேமராக்கள் ஓட்டுநர்களுக்கு நியாயமாகவும் பாதுகாப்பாகவும் இருக்க என்ன செய்யலாம்?

சென்னையில் 14 வருடமாக டாக்ஸி ஓட்டுகிறேன். கேமரா வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ராத்திரி பதினொரு மணிக்குச் சிவப்பில் சீறிக்கொண்டு போகிறவர்களை தினமும் பார்க்கிறேன், அவர்களுக்கு அபராதம் வரத்தான் வேண்டும்.

ஆனால் எனக்கு வந்த சலானைக் கேளுங்கள். காலை நேரம், சாலை காலி, ஐம்பதில் போகிறேன். சிக்னலில் நிற்க வேண்டிய கோட்டுக்குக் கிட்டே வரும்போது மஞ்சள் விழுந்தது. கண்ணாடியைப் பார்த்தால் அது முழுக்கத் தண்ணி லாரியின் பம்பர். பிரேக் போட்டால் டிக்கி போய்விடும், பின்சீட்டில் ஒரு அம்மாவும் குழந்தையும். போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து மெசேஜ் வந்தது, 500 ரூபாய். படத்தில் என் நம்பர் பிளேட் பளிச்சென்று இருக்கிறது. மஞ்சள் எத்தனை நொடி எரிந்தது என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

மறுநாள் ஓரமாக நிறுத்தி போன் ஸ்டாப்வாட்ச்சில் பார்த்தேன். 3 நொடி.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். மஞ்சளுக்கு 1959-லேயே ஒரு கணக்கு போட்டிருக்கிறார்கள். விளக்கைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போக 1 நொடி, பிறகு வண்டி பதறாமல் நிற்கத் தேவையான தூரத்துக்கான நேரம். ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு அது 3.3 நொடி வருகிறது, அறுபதுக்கு 3.7. மஞ்சள் அதைவிடக் குறைந்தால் ஒழுங்காக ஓட்டுகிறவனும் மாட்டுவான்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மேட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்பவர், 2013-இல் மனைவிக்கு வந்த சிக்னல் அபராதத்தால் இந்தக் கணக்கையே கேள்வி கேட்டார். திரும்புவதற்காக வேகத்தைக் குறைக்கும் வண்டிக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும் என்றார். 'நான் இன்ஜினியர்' என்று எழுதியதற்காக அவருக்கே 500 டாலர் அபராதம் போட்டார்கள்! கோர்ட்டில் ஜெயித்தார். 2020-இல் அங்குள்ள போக்குவரத்துப் பொறியாளர் சங்கம் வழிகாட்டுதலையே மாற்றியது.

லாரி பயமும் சும்மா இல்லை. 2005-இல் வந்த அமெரிக்க அரசு ஆய்வில், கேமரா வைத்த சந்திப்புகளில் பக்கவாட்டு மோதல் சுமார் 25% குறைந்திருக்கிறது, பின்னால் வந்து இடிப்பது 15% கூடியிருக்கிறது. பக்கவாட்டு மோதலில்தான் உயிர் போகும், அதனால் கேமராவை எடுக்கச் சொல்ல முடியாது. மஞ்சளைச் சரியாக வைத்தால் திடீர் பிரேக் குறையும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

சிகாகோவில் 2017-இல், சிவப்பு விழுந்து 0.3 நொடிக்குள் தாண்டினால் அபராதம் போடாமல் விட்டுவிடலாம் என்று மாற்றினார்கள். முன்பு 0.1 தான். நம் நாட்டிலும் 2021 மத்திய விதியில் கேமராவுக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வேண்டும், கருவிக்கு வருடா வருடம் சான்றிதழ் புதுப்பிக்க வேண்டும் என்று இருக்கிறது. அதோடு மஞ்சளின் நேரத்தையும், சிவப்பு விழுந்து எத்தனை நொடியில் தாண்டினோம் என்பதையும் சலானிலேயே போடச் சொல்லலாம்.

கோட்டுக்குப் பெயின்ட் அடிப்பதும் முக்கியம். நான் மாட்டிய இடத்தில் பாதிக் கோடு இன்னும் அழிந்துதான் கிடக்கிறது.