பைட்டுகள் போகும் வழியில்: கேள்வி பதில்

திருவையாற்றிலிருந்து: அண்ணா, நீர்மட்டத்தை நூறால் பெருக்கி இரண்டு பைட்டில் அனுப்புகிறேன். ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினி போர்டில் மேட்டூருக்கு 120.00 அடி என்று போட்டுச் சோதித்தேன். பைத்தான் சர்வர் 573.90 என்கிறது!

573 அடி நின்றால் நாம் இங்கே பேசிக்கொண்டிருக்க மாட்டோம், தம்பி. 12000 என்பது 46, 224 என்ற இரண்டு பைட்: 46×256, கூட 224. உங்கள் போர்டு மதிப்பு குறைந்த பைட்டை முதலில் வைத்துக்கொள்ளும். மெமரியில் இருப்பதை அப்படியே தள்ளிவிட்டால் 224, 46 என்று போகும்; சர்வர் அதை 57390 என்று படிக்கும். நெட்வொர்க்கில் மதிப்பு கூடிய பைட் முன்னால் வருவதுதான் வழக்கம். அதனால் சர்வரைத் தொடாதீர்கள், போர்டில் திருப்பி அனுப்புங்கள். பைட்டை எண்ணாக மாற்றும் பைத்தான் ஸ்ட்ரக்ட்டில் ‘!’ போட்டுப் படித்தால் இந்த வரிசைதான்.

மன்னார்குடியிலிருந்து: நெட்டில் தரவு அனுப்பும் டிசிபி முறையில் இரண்டு செய்தி அனுப்பினால் சில நேரம் ஒட்டிக்கொண்டு ஒன்றாக வருகிறது. சில நேரம் பாதிதான் வருகிறது. நெட் சரியில்லையா சார்?

நெட் மேல் பழி வேண்டாம். வாய்க்காலில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் கடைமடையில் இரண்டு குடமாகவா வந்து சேரும்? டிசிபியும் அப்படித்தான், வரிசை மாறாது, ஆனால் செய்தியின் எல்லை அதற்குத் தெரியாது. ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை அனுப்புங்கள். அத்தனை பைட்டும் சேரும்வரை திரும்பத் திரும்பப் படியுங்கள். நீளத்துக்கு ஓர் உச்சவரம்பும் வையுங்கள். யாராவது நானூறு கோடி என்று எழுதி அனுப்பினால் சர்வர் மெமரி காலி.

கும்பகோணத்திலிருந்து: நீளம் போட்டுத்தான் அனுப்புகிறேன். ஆனாலும் ‘தஞ்சாவூர்’ என்ற பெயர் ‘தஞ்’ என்று நின்றுவிடுகிறது.

பைத்தானில் நீளம் எண்ணும் ‘லென்’ இந்தப் பெயருக்கு 9 சொல்லும். புள்ளி, துணைக்கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. எழுத்தைப் பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் அவை ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 27. நீங்கள் 9 என்று எழுதியதால் 9 பைட்டில், அதாவது த, ஞ, புள்ளி ஆகிய மூன்றோடு படிப்பு முடிந்தது. மீதி 18 பைட்டை அடுத்த செய்தி என்று நினைத்து சர்வர் குழம்பியிருக்கும், லாகைப் பாருங்கள். முதலில் பைட்டாக என்கோட் செய்யுங்கள், அப்புறம் எண்ணுங்கள். எழுத்துக்கு ஒரே பைட் ஆகும் ஆங்கிலப் பெயரை வைத்தே சோதிப்பவர்களுக்கு இது கண்ணில் படவே படாது.

நாகப்பட்டினத்திலிருந்து: பயிர் போட்டோவின் பைட்டுகளை வெறும் எழுத்தாக எழுதும் பேஸ்64 ஆக்கினால் பாதுகாப்பா?

இல்லை, யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம். அதோடு 3 பைட் 4 ஆகும். 3 எம்பி படம் 4 எம்பி. ஜேசன் என்ற எழுத்து வடிவத் தரவுக்குள் வைத்தே தீர வேண்டும் என்றால் சரி, இல்லாவிட்டால் பைனரியாகவே அனுப்புங்கள்.

திருவாரூரிலிருந்து: தரவைப் பைட்டாக அடுக்கித் தரும் புரோட்டோபஃப் போட்டால் இந்தத் தலைவலியெல்லாம் போகுமா?

பைட் வரிசையையும் எழுத்து நீளத்தையும் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் அதன் செய்தியும் எங்கே முடிகிறது என்று தானாகச் சொல்லாது. மன்னார்குடிக்காரருக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.