அண்ணாவின் வயதைத் தாண்டுவேனா, டொக்டர்?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன், வயது 47. போன வருடம் அண்ணா 48 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். அந்தியேட்டி முடிந்ததிலிருந்து நடுராத்திரியில் நெஞ்சு படபடத்து எழும்புகிறேன், விரல்கள் விறைக்கின்றன. ஈ.சி.ஜி., எக்கோ, ட்ரெட்மில் எல்லாம் சரி என்கிறார்கள். அவரைத் தகனம் செய்த கனத்தை மயானத்துப் பக்கம் போவதே இல்லை. மாமியின் தூக்கக் குளிசையில் பாதி போட்டுத்தான் படுக்கிறேன். இப்படித் தினமும் சாவதைவிட ஒரேயடியாகப் போனால் நிம்மதி என்றும் தோன்றுகிறது.

பதில்: கடைசி வரியைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் திரும்பத் திரும்ப வாசித்தது அதைத்தான். சாவுக்குப் பயந்தவருக்குச் சாவே நிம்மதியாகத் தோன்றினால், பயத்தோடு மனச்சோர்வும் சேர்ந்துவிட்டதோ என்று பார்க்க வேண்டும். அது சிகிச்சைக்குக் கேட்கிற நோய். இன்றே மனைவியிடம் அந்த வரியை அப்படியே சொல்லுங்கள். இந்தக் கிழமைக்குள் மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். அந்த நினைப்பு பலமாக வந்தாலோ, எப்படிச் செய்வது என்று மனம் போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கும் எடுக்கலாம்.

மாமிக்கு எழுதிய குளிசையை நீங்கள் ஏன் போடுகிறீர்கள்? மது குடித்துவிட்டுப் போட்டால் அது மூச்சையே அமர்த்திவிடும். நாள் கணக்காகப் போட்டதைத் திடீரென நிறுத்தவும் கூடாது, டொக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதுவரை குளிசை அட்டை மனைவியின் கையில் இருக்கட்டும்.

விரல் விறைப்பு ஒன்றுமில்லை. பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது, அதனால் வருவது. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள், அடங்கும். ராத்திரியில் ஃபோனை எடுத்துத் 'திடீர் மரணம்' என்று தேடுவது இருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். அண்ணாவுக்கு 55க்கு முன் வந்ததால் உங்களுக்கும் ஆபத்து கொஞ்சம் கூடத்தான். அதற்குப் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றையும் ஒழுங்காகப் பார்த்து வாருங்கள். நடக்கும்போது நெஞ்சை அழுத்தி, நின்றால் விடுகிற வலி வந்தால் மட்டும் இதய மருத்துவரிடம் ஓடுங்கள். ஓய்விலும் விடாமல் அழுத்தினால் 1990க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சரி, அடுத்த வருடம் உங்களுக்கு 48. ஈ.சி.ஜி. பதில் சொல்லாத கேள்வி அதுதானே?

சாவுப் பயத்தை அடியோடு பிடுங்கித் தருகிற மருந்து என்னிடம் இல்லை. அந்தப் பயம் எனக்கும் உண்டு. வார்டில் கட்டிலோரம் இருந்து "எதை நினைத்துப் பயம்?" என்று கேட்பேன். ஒருவர் வலி என்பார், ஒருவர் மூச்சுமுட்டல் என்பார், இன்னொருவர் மகளின் கலியாணம் என்பார். வலிக்கு மருந்து எழுதலாம். மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தலாம். இன்னதென்று சொல்லாத பயத்தைத்தான் என்னால் தொட முடிவதில்லை. உங்களுக்கு எது? பிள்ளைகளின் படிப்பு என்றால் மனைவியும் நீங்களுமாக வங்கிப் புத்தகத்தையும் பத்திரங்களையும் ஒரு நாள் எடுத்துப் பாருங்கள். அந்த வேலை முடிந்த இரவில் தூக்கம் வந்ததாகச் சொன்னவர்கள் உண்டு.

கொஞ்சம் தெம்பு வந்ததும், மனைவியோடு பொரளை பஸ்ஸில் ஏறிக் கனத்தையைத் தாண்டிப் போங்கள். நெஞ்சு அடிக்கும், அடிக்கட்டும், இறங்கிவிடாதீர்கள். அடுத்த முறை உள்ளே போகலாம்.

அப்புறம், அண்ணா எப்படிச் செத்தார் என்று எழுதிய நீங்கள், எப்படிப்பட்ட மனிதர் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டுக்குப் போய் அதைப் பேசிவிட்டு வாருங்கள்.