காகிதப் பதக்கம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டோக்கியோவில் நிஷி கசாயில் இருக்கிறோம். போன சனிக்கிழமை மகனின் மழலையர் பள்ளியில் உந்தோகாய், அதாவது விளையாட்டு விழா. அவனுக்கு நான்கு வயது. ஓட்டத்தில் விழுந்து எழுந்து கடைசியாக வந்தான். முதலில் வந்த பையனுக்கும் இவனுக்கும் ஒரே மாதிரி காகிதப் பதக்கம். எனக்கு மனசு கேட்காமல் நூறு யென் கடையில் ஒரு கோப்பை வாங்கி வீட்டில் கொடுத்தேன். போட்டி உணர்வே இல்லாமல் வளர்ந்தால் நாளை ஊருக்குத் திரும்பும்போது தாக்குப்பிடிப்பானா? பள்ளியை மாற்றிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தக் கோப்பையை அலமாரிக்குள் வையுங்கள். தோற்றவனுக்கும் பதக்கமா என்று பள்ளியைக் குறை சொல்லிவிட்டு, கடைசியாக வந்தவனுக்குக் கோப்பை கொடுத்தது யார்? அவன் கேட்டானா? உங்களுக்குத்தான் தேவைப்பட்டிருக்கிறது.

போட்டி தெரியாத நாடா அது? 1964 டோக்கியோ ஒலிம்பிக் தொடங்கிய அக்டோபர் 10-ஐ இரண்டே வருஷத்தில் தேசிய விடுமுறை ஆக்கியவர்கள். ஆரம்பப் பள்ளிக்குப் போகட்டும், ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளையுமாகத் திருப்பிப் போடும் தொப்பியை மாட்டிவிடுவார்கள். கடைசி தொடர் ஓட்டத்தில் தோற்ற அணிப் பிள்ளைகள் விசும்புவதைப் பார்ப்பீர்கள். எனக்கு அங்கே பயம் வேறு விஷயத்தில்தான். 1874-ல் டோக்கியோவின் ட்சுகிஜி பகுதியில் இருந்த கடற்படைப் பள்ளியில் ஆங்கிலேயர்கள் தொடங்கிவைத்த விழா இது, அந்தப் பட்டாள வாசனை முழுசாகப் போகவில்லை. ஒற்றுமை என்று சொல்லிப் பையன் முதுகில் பையனை ஏற்றி, 2015-ல் ஒசாகா பக்கம் யாவோ நகரப் பள்ளி ஒன்றில் 10 அடுக்கு மனிதப் பிரமிடு சரிந்தது. அடுத்த வருஷம்தான் ஒசாகா நகரம் தன் பள்ளிகளில் பிரமிடைத் தடை செய்தது. கவலைப்படுவதென்றால் அதற்குப் படுங்கள்.

சரி, தமாயிரே என்கிற பந்தெறி விளையாட்டைப் பார்த்தீர்களா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. மகள் வீட்டில் இருந்த வருஷம் பேரனின் உந்தோகாய்க்குப் போயிருந்தேன். நீலத் தார்ப்பாய் விரித்து, ஓனிகிரி என்கிற சோற்று உருண்டையும் பொரித்த கோழியுமாக ஊரே உட்கார்ந்திருக்கிறது. உயரமான கம்பத்தின் உச்சியில் கூடை, அதற்குள் துணிப்பந்துகளை எறிய வேண்டும். பாதிப் பந்து எறிந்தவர்கள் தலையிலேயே விழுகிறது. ஒரு பெண்குழந்தை எறியவே இல்லை, மடி நிறையப் பொறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. விசில் அடித்ததும் எண்ணிக்கை. இரண்டு ஆசிரியைகளும் ஆளுக்கொரு பந்தை எடுத்து ஒரே நேரத்தில் வானத்தில் வீச, மைதானமே சேர்ந்து கத்துகிறது: இ...ச்சி, நீ..., சா...ன். என் பக்கத்தில் இருந்த கிழவரும் கத்தினார், நானும் கத்தினேன். பேரனின் சிவப்பு அணிக்குப் பதினேழோடு கூடை காலி. வெள்ளைக்கு இன்னும் இருந்தது. பதினெட்டு, பத்தொன்பது என்று எதிரணிப் பந்துகளையும் தொண்டை கிழிய எண்ணிக்கொண்டிருந்தான் என் பேரன். இருபத்தொன்றில் முடிந்தது.

"தோத்த பிறகு ஏண்டா எண்ணினே?" என்று ரயிலில் கேட்டேன். "அவங்க கூடையில இன்னும் இருந்துச்சே தாத்தா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்த வருஷம் போனை மடியில் வைத்துவிட்டு நீங்களும் எண்ணுங்கள். ஜப்பானிய மொழியில் முப்பது வரை தெரிந்தால் போதும், பையனே சொல்லிக்கொடுப்பான்.